அடுக்ககப் பூனைக்கும் ஒரு வேலை வேண்டும்

மயூர் விஹார் என்னும் பெயருக்கு மயில்களின் உறைவிடம் என்று பொருள். யமுனைக்குக் கிழக்கே ஆற்றுப் படுகையை ஒட்டி அமைந்த இப்பகுதியில், தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடுகளும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்ககங்களும் நெருங்கி நிற்கின்றன. நடுவண் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பணிபுரிய வந்து, இங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. இத்தெருக்களில் மாலை நேரத்தில் நடப்பவர்கள் சற்றே நிமிர்ந்து பார்த்தால், புறாக்களைத் தடுக்கக் கட்டிய பால்கனி வலைகளுக்குப் பின்னால், ஆங்காங்கே விறைத்த இரண்டு காதுகளும் இமைக்காத இரண்டு கண்களும் தெரியும். அடுக்ககத்துக்கு ஏற்ற வளர்ப்பு உயிர் என்று பூனை பெயர் பெற்றுவிட்டது.

காரணம் விளங்காததன்று. நாயைப்போல் அதனை இருவேளையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். மணல் தட்டைத் தானே பயன்படுத்தும். நாளின் பாதிக்கு மேல் உறங்கும். வேளைக்கு உணவு வைத்தால் போதும், அது பாட்டுக்கு இருக்கும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் வயிறு நிறைந்த பூனைக்கும் ஒரு குறை உண்டு. அதற்குச் செய்ய வேலை இல்லை. அந்தக் குறையைப் போக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய தொழில், புதிய வீடு

பூனையைத் தமிழர் வேட்டை விலங்காகவே அறிந்திருந்தனர். சங்க இலக்கியம் காட்டுப்பூனையை வெருகு என்று அழைக்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாடல் ஒன்றில், மாலை வேளையில் வேலியோரம் வெருகைக் கண்டு அஞ்சிய வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்தப் புலவர் குறித்த நேரம் மிகச் சரியானது. விடியலும் அந்தியுமே பூனையினத்தின் வேட்டைப் பொழுதுகள் என்று இன்றைய விலங்கியலும் கூறுகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு நம் காலைக் கடித்து எழுப்பும் பூனை குறும்பு செய்யவில்லை. அதன் அலுவலக நேரம் தொடங்கிவிட்டது.

மனிதருடன் பூனை சேர்ந்ததும் வேலையின் பொருட்டே. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில், மனித உடலுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உழவு தொடங்கியது, தானியம் சேர்ந்தது, தானியத்தை நாடி எலி வந்தது, எலியை நாடிப் பூனை வந்தது. நம் ஊர்களிலும் நேற்றுவரை இதுவே முறை. வீட்டில் ஒரு பிடி பால்சோறு கிடைக்கும். மற்றதைப் பூனை பரணிலும் கூரையிலும் வைக்கோற்போரிலும் தானே தேடிக்கொள்ளும்.

நான்கு சுவர்களுக்குள் மட்டுமே வாழும் பூனை என்பது மிக அண்மைக் காலத்து ஏற்பாடு. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனைகளின் கழிவுத் தட்டுக்கென விற்கத் தொடங்கினார். பூனையை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாமலே வளர்ப்பது அதன் பின்னரே பலருக்கும் எளிதாயிற்று. ஒன்பதாயிரம் ஆண்டுத் தொழிலுக்கு எதிரே எண்பது ஆண்டுகூட நிறையாத பழக்கம் இது. பூனையின் உடலும் உள்ளமும் இந்த மாற்றத்துக்கு இன்னும் பழகவில்லை.

இதனால் பூனையைத் தெருவில் உலவ விட வேண்டும் என்பது பொருளன்று. ஓயாத வாகனங்கள், தெருநாய்கள், வெறிநோய், பிற தொற்றுகள் ஆகியவற்றை எண்ணினால், தில்லி போன்ற நகரில் அதனை வீட்டுக்குள் வைத்திருப்பதே நல்லது. பறவைகளுக்கும் அதுவே நன்மை. ஆனால் கதவை அடைத்தவர்கள் நாம். ஆகையால், கதவுக்கு வெளியே அது செய்துகொண்டிருந்த வேலைக்கு ஈடாக உள்ளே ஒரு வேலை கொடுப்பதும் நம் பொறுப்பாகிறது.

அலுப்பு நோயாகும்போது

பூனை நெடுநேரம் உறங்குவது இயல்பு. ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் உறங்கலாம். ஆகவே உறக்கத்தை மட்டும் வைத்து அலுப்பை அளக்க முடியாது. கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு: வயிற்றுப் பகுதியில் முடி கொட்டும் அளவுக்கு ஓயாமல் நக்குதல், நடந்து செல்வோரின் கணுக்கால்மீது பாய்தல், இரவெல்லாம் கத்துதல், பசியின்றியும் உணவை நாடிப் பருத்துப்போதல், மணல் தட்டை விட்டுப் படுக்கையில் சிறுநீர் கழித்தல்.

மயூர் விஹாரில் வாழும் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் உயிர்வாழ் சான்று அளிக்கக் கிளைக்கு வந்தபோது பகிர்ந்துகொண்டது இது. மகள் திருமணமாகிப் பெங்களூரு சென்றபோது, அவர் வளர்த்த ஆண் பூனை பெற்றோரிடம் தங்கிற்று. சில மாதங்களில் அது மெத்தைமீதே சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. வீட்டில் நாற்றம், மனைவிக்கு முதுகுவலி, நாள்தோறும் விரிப்புகளைத் துவைக்க வேண்டியிருந்தது. கீழே பூங்காவில் விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கால்நடை மருத்துவரோ, சிறுநீரில் கிருமித்தொற்று இல்லை என்று கண்டு, வீட்டின் அன்றாட நடைமுறையைப் பற்றியே அதிகம் விசாரித்தார். மகளோடு இருந்தவரை மாலைதோறும் விளையாடிய பூனை அது. பின்னர் அதற்குக் கிண்ணம் நிறைய உணவு இருந்தது, விளையாட ஆள் இல்லை. மருத்துவர் சொன்ன மாற்றங்களைச் செய்த இரண்டு மாதங்களில் தொல்லை பெரிதும் குறைந்தது. பூனை அவ்வீட்டிலேயே இருக்கிறது.

இது ஒரு வீட்டின் தனிக்கதை மட்டுமன்று. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சியுள்ள 46 வீட்டுப் பூனைகளின் சூழல் மாற்றியமைக்கப்பட்டது. பத்து மாதங்கள் கவனித்ததில் சிறுநீர்த் தொல்லைகள் குறைந்தன. அச்சமும் பதற்றமும்கூடத் தணிந்தன. பூனையின் உள்ளமும் சிறுநீர்ப்பையும் அவ்வளவு நெருங்கிய உறவுடையவை.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆண் பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அதை அலுப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிரையே பறிக்கக்கூடியது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பிற அறிகுறிகளிலும் முதலில் உடல்நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே சூழலைச் சீர்செய்ய முற்பட வேண்டும்.

நாள்தோறும் ஒரு வேட்டை

2013-இல் அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் இணைந்து, பூனையின் நல்வாழ்வுக்கு ஐந்து தூண்களை வகுத்தன. பாதுகாப்பான ஓரிடம், உணவு, நீர், மணல் தட்டு முதலியவை தனித்தனி இடங்களில், வேட்டையை ஒத்த விளையாட்டு, மனிதருடன் சீரான, அன்பான உறவு, மோப்பத்தை மதிக்கும் சூழல் என்பனவே அவை. இவற்றுள் நம் வீடுகளில் எளிதில் விட்டுப்போவது வேட்டைதான்.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. வெளியே உலவும் முந்நூறுக்கும் மேற்பட்ட பூனைகளை அது கண்காணித்தது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் உரிமையாளர் விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகளின் எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்தது. அதாவது, விளையாட்டு வேட்டையின் இடத்தை ஓரளவேனும் நிரப்புகிறது. பத்து நிமிடம் என்பது எவர்க்கும் இயலாத செலவன்று.

விளையாடும் முறையில் நுட்பம் உண்டு. குச்சியின் நுனியில் கட்டிய இறகோ துணித்துண்டோ போதும். அதனைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது. எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வருவதில்லை. இரை விலகி ஓட வேண்டும், திரைக்குப் பின்னே மறைய வேண்டும், சற்று நின்று மீண்டும் அசைய வேண்டும். பூனை பதுங்கிக் குறிபார்க்கும் நேரமும் விளையாட்டின் பகுதியே. முடிவில் இரை அதன் பிடியில் சிக்க வேண்டும். பின் சிறிது உணவு கிடைக்க வேண்டும். பதுங்குதல், பாய்தல், பிடித்தல், உண்ணுதல், உறங்குதல் என்னும் வரிசை நிறைவுறும்போதுதான் பூனை அமைதியுறுகிறது. சுவரில் ஓடும் லேசர் ஒளிப்புள்ளி கையில் அகப்படுவதே இல்லை; அதனைப் பயன்படுத்துவோர் இறுதியில் பிடிக்கக்கூடிய பொம்மையொன்றையோ ஒரு கவளத்தையோ தர வேண்டும்.

ஒரே பொம்மையில் பூனைக்கு விரைவில் ஆர்வம் குன்றும் என்பதையும், வேறொரு பொம்மையைக் கண்டதும் அது மீளும் என்பதையும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்ஷா முதலானோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே பத்துப் பொம்மைகளையும் தரையில் இறைத்து வைப்பதைவிட, மூன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் பெட்டியில் பூட்டிச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. புதுச் செலவின்றிப் புதுமை கிடைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் நூலும் கயிறும் உள்ள பொம்மைகளை எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக் கூடும். தமிழ் வீடுகளில் இந்த இடர் பூச்சரத்தில் ஒளிந்திருக்கிறது. உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்குச் சென்று திரும்பி, தலையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும் மல்லிகைச் சரத்தின் நூல், பூனைக்கு இனியதொரு பொம்மை. ரப்பர் வளையமும் தையல் நூலும் அவ்வாறே.

உழைத்து உண்ணட்டும்

தானே வேட்டையாடி வாழும் பூனை, நாளில் பலமுறை சிறுசிறு இரைகளைப் பிடித்து உண்ணும். ஒவ்வொன்றுக்கும் முயற்சி தேவை. பல முயற்சிகள் தோற்கும். நாமோ கிண்ணத்தை நிரப்பி வைத்து அந்த முயற்சி முழுவதையும் நீக்கிவிடுகிறோம். உணவில் ஒரு பகுதியையாவது தேடிப் பெறும்படி செய்தால், பூனைக்கு மூளைக்கும் வேலை, உடலுக்கும் வேலை.

இதற்கென விலையுயர்ந்த கருவிகள் விற்கின்றன. பரணில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகை அவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. பதினான்கு குழிகளில் சிலவற்றில் மட்டும் உலர் உணவை இரண்டிரண்டு மணிகளாக இட்டு வைத்தால், பூனை பாதத்தால் துழாவி எடுக்கும். பழைய இட்லித் தட்டும் முட்டை அட்டையும் இப்பணிக்கு உதவும். பழகிய பின், தண்ணீர்ப் புட்டியில் உணவு மணியைவிடச் சற்றுப் பெரிய துளைகளை இட்டு உருட்ட விடலாம். வீட்டின் நான்கு மூலைகளில் சிறு பங்குகளை ஒளித்து வைப்பதும் நல்ல பயிற்சி.

தொடக்கத்தில் புதிர் மிக எளிதாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வொன்றில், பெரும்பாலான பூனைகள் புதிரில் உள்ள உணவைவிடத் தட்டில் இலவசமாகக் கிடைக்கும் உணவையே விரும்பின. ஆகவே கட்டாயப்படுத்தாமல், சிறிது சிறிதாகப் பழக்குவதே வழி. பட்டினி போட்டுப் பழக்குவது தவறு மட்டுமன்று, ஆபத்துமாகும். பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் அதன் கல்லீரல் பழுதடையும்.

சன்னலும் உயரமும்

மயூர் விஹாரின் சன்னல் ஒரு திரையரங்கு. மாடப்புறாக்கள், பச்சைக்கிளிகள், அணில்கள், வானில் வட்டமிடும் கரும்பருந்துகள் எனக் காட்சிக்குக் குறைவில்லை. சன்னலோரம் உறுதியான பலகையொன்று பொருத்தி, மேலே பழைய துண்டை விரித்தால் பூனை மணிக்கணக்கில் அங்கே அமரும். தரையிலிருந்து உயரத்துக்கு ஏற வழியிருப்பதும் தேவை. அலமாரியின் உச்சிக்குப் படிபோல் இரண்டு மூன்று தட்டுகள் அமைத்தால், சிறிய வீடும் பூனைக்குப் பெரிதாகிவிடும். நாம் தரையின் சதுர அடியை அளக்கிறோம், அது உயரத்தையும் சேர்த்து அளக்கிறது. முதிய பூனைக்குத் தாழ்வான படிகள் வேண்டும்.

வலையை நம்பும் முன் ஒருமுறை சோதிக்க வேண்டும். புறாவைத் தடுக்கக் கட்டும் நைலான் வலை, பூனையின் பல்லுக்கும் பாய்ச்சலுக்கும் ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது; வெயிலில் அது நைந்தும் போகும். பூனை உலவும் பால்கனிக்கு உலோகக் கம்பி வலையே பொருத்தம். எத்தனை மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றித் தப்பும் என்பது நம்பத்தக்கதன்று. மார்பும் தாடையும் கால்களும் உடைந்த பூனைகளை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

தில்லியின் பருவங்கள் இந்தத் திரையரங்கை அவ்வப்போது மூடிவிடும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடந்து நிற்கும். நவம்பர் தொடங்கிப் புகைமூட்டம் சன்னல்களைச் சாத்த வைக்கும். அந்த வாரங்களில் உள்விளையாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். கோடையில் விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் விளையாடலாம். அவையே பூனையின் வேட்டை நேரங்களும் ஆதலால் இருவர்க்கும் வசதி.

மோப்பமும் மறைவிடமும்

பூனையின் உலகில் மணங்களுக்குப் பெரிய இடம் உண்டு. குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்றொரு பெயரும் இருக்கிறது. அதன் வேரின் மணத்துக்குப் பூனைகள் மயங்கி உருளும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் பூனைகளை அதே செடி ஈர்ப்பதைக் கண்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அம்மணத்துக்குக் காரணமான வேதிப்பொருட்களை 2016-இல் வெளியிட்டனர். உலர்ந்த வேரைத் துணிப்பொதிக்குள் தைத்து, எப்போதேனும் சில நிமிடங்கள் முகர மட்டும் தரலாம்; தின்ன விடக் கூடாது. எல்லாப் பூனைகளும் இத்தகைய மணங்களுக்கு இசைவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். லில்லி மலர்கள் எந்நிலையிலும் வீட்டுக்குள் வரக் கூடாது; அவற்றின் மகரந்தமும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்க வல்லது.

நகத்தால் பிறாண்டுதலும் மணம் பதிக்கும் செயலே. சணல் கயிறு இறுகச் சுற்றிய உறுதியான தூண் ஒன்றை, பூனை உடலை முழுதும் நீட்டிப் பிறாண்டும் உயரத்தில் நிறுத்தினால் சோபா தப்பும். தேங்காய் நார் மிதியடியும் உதவும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிய அட்டைப்பெட்டி பெற்றவை, பெறாதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. வீடு தேடி வரும் பொருட்களின் பெட்டிகள் ஆகையால் குப்பைக்குரியன அல்ல. ஒட்டுநாடாவை நீக்கிவிட்டுக் கொடுத்தால், கிழியும்வரை பூனைக்கு அது குகை.

துணைக்கு இன்னொரு பூனை வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது எப்போதும் பயன் தராது. பூனை தன் எல்லையைக் காக்கும் விலங்கு. புதிய வரவு சிலவற்றுக்கு நட்பு, சிலவற்றுக்கு ஆக்கிரமிப்பு. கொண்டுவருவதாயின் பல வாரங்கள் தனியறையில் வைத்து, மணத்தை முதலிலும் முகத்தைப் பின்னரும் பழக்க வேண்டும். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது நலம்.

இடமாற்ற ஆணை வரும்போது

வங்கியிலும் அரசுப் பணியிலும் உள்ள குடும்பங்களுக்கு இடமாற்றம் புதிதன்று. பூனைக்கோ, வீடு மாறுதல் அதன் உலகமே மாறுதல். பயணக் கூடையைக் கடைசி நாளில் பரணிலிருந்து இறக்கினால் அதனைக் கண்டதுமே பூனை கட்டிலுக்கடியில் ஓடும். ஆண்டு முழுதும் கூடையைத் திறந்தே வைத்து, உள்ளே உணவு இட்டுப் பழக்கினால் அது படுக்கையாகிவிடும். தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பூனை பிரித்தறியும் என்று 2019-இல் ஜப்பானிய ஆய்வொன்று உறுதிப்படுத்தியது. பெயர் சொல்லி அழைத்துக் கூடைக்குள் வரக் கற்பிப்பதும் இயலும், அதுவே நல்ல மனப்பயிற்சியும் ஆகும். புதிய வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில், துவைக்காத பழைய விரிப்புடன் வைத்துப் பின் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிட வேண்டும்.

வரவும் செலவும்

மேலே கூறியவற்றைப் பட்டியலிட்டால், பணச் செலவு கம்பி வலைக்கும் சன்னல் பலகைக்கும் மட்டுமே. மற்றவை பரணிலும் குப்பைக் கூடையிலும் உள்ளவை. உண்மையான முதலீடு நேரம். அதுவும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். தொடர் வைப்புக் கணக்கைப் போன்றது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு ஆறு நாட்கள் மறப்பதைவிட, நாள் தவறாமல் குறித்த வேளையில் இடும் சிறு தொகையே பெருகும். வேளை தவறாமை பூனைக்குப் பாதுகாப்பு உணர்வையும் தருகிறது.

தொல்லை முற்றியதும் பூனையைத் தெருவில் விடுவது தீர்வாகாது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கிண்ணத்து உணவில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கும் வழிகள் தெரியா. கைவிடும் எண்ணம் எழும் வீடுகளில், அதற்கு முன் ஒருமுறை மருத்துவரைக் கண்டு, இரண்டு மாதங்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்துப் பார்க்கலாம்.

பணிக்காலம் முழுதும் ஓடியாடி உழைத்தவர்கள், ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் செய்ய ஒன்றுமின்றித் திகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஓய்வூதியம் வேளைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அது மட்டும் நாளை நிரப்புவதில்லை. அடுக்ககத்துப் பூனையின் நிலையும் அதுவே. அதற்கு உணவு வைப்பதோடு, அதன் பழைய தொழிலில் ஒரு சிறு பகுதியையும் திருப்பிக் கொடுப்போம்.